எதிரே நின்று விழுங்க வேண்டிய மாத்திரை

வலது தோள்பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சுத்தியலைத் தூக்கும்போது வலி இல்லை, இறக்கும்போதுதான். ஒவ்வொரு அடிக்கும் தோளிலிருந்து காதுவரை யாரோ கம்பியைச் சுண்டி இழுத்தார்கள். கல் உடைக்கிறவள் தோள் வலிக்கிறது என்று சொன்னால் குவாரியில் சிரிப்பார்கள். மீன் வந்து, உடம்பெல்லாம் ஈரம் என்று புலம்புவதுபோல.

சுத்தியலைக் கீழே வைத்து நிமிர்ந்தபோதுதான் தங்கையைப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. பாறையில் கை வைத்தால் பொறுக்காது. அந்த வெயிலில் சின்னவள் சல்லடைக்குப் பக்கத்தில் ஜல்லிக் குவியலில் சாய்ந்து, தலைத்துணியை உடம்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்த வயிறு அவளோடு சேர்ந்து நடுங்கியது.

"என்னடி, வெயில்ல உட்கார்ந்து நடுங்கறே?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் உட்கார்ந்தா சரியாப்போயிடும்."

பெரியவள் அவள் கழுத்தில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. நனைந்த காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

மேஸ்திரி வந்து நின்றான். "அக்காளும் தங்கச்சியும் கதை பேசத்தான் வந்தீங்களா?"

"இவளுக்குக் காய்ச்சல்."

"இங்க யாருக்கு இல்ல? காய்ச்சல் விருந்தாளி மாதிரி. வரும், போகும்."

"விருந்தாளி போறப்ப ஆளையும் கூட்டிட்டுப் போனா நீ வந்து பதில் சொல்றியா?"

மேஸ்திரி வாயைத் திறந்தான், வயிற்றைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. வெடி வைத்த குழிகளிலெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தக் குவாரியில் கூலி கேட்காமல் வேலை பார்த்தது கொசு ஒன்றுதான். மாதத்துக்கு ஒருவர் படுப்பதும், எழுந்து வந்து பார்த்தால் தன் இடத்தில் இன்னொருவன் வேலை செய்வதும் வழக்கம்.

சின்னவளின் புருஷன் மேலே பாறை முகப்பில் டிரில் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, புறப்படத் தயாராக நின்ற ஜல்லி லாரியின் முன்பக்கத்தில் தங்கையை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள் பெரியவள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுருங்க. மெதுவாப் போங்க."

"மெதுவாப் போனா சாயங்காலம் ஆயிடும். வேகமாப் போனா பிள்ளை வண்டியிலேயே வந்துரும். எது வேணும்?" என்றான் லாரிக்காரன். கேலியாகக் கேட்டாலும் பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஒதுக்கித்தான் ஓட்டினான்.

ஆஸ்பத்திரி என்றால் இரண்டு கட்டடம், நடுவே ஒரு முற்றம். இடது கைப் பக்கம் பிரசவக் கட்டடம், வலது கைப் பக்கம் காய்ச்சல் கட்டடம். இங்கிருந்து இருமினால் அங்கே கேட்கும். ஆனால் இதற்கு மருந்து ஒரு இடத்திலிருந்து வரும், அதற்கு வேறு இடத்திலிருந்து. இதற்கு ஒரு மேலதிகாரி, அதற்கு இன்னொருவர். சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீடுகள் மாதிரி இரண்டும் எதிரெதிரே பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றன.

அன்று இரண்டுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். 'தரமான சேவை, தாய்சேய்க்குத் தேவை' என்று ஒரு துணி பேனர் முற்றத்தின் குறுக்கே தொங்கியது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம்.

பிரசவக் கட்டடத்து வாசலில் நர்ஸ் நின்றாள். சின்னவளை அவளுக்குத் தெரியும். மாதாமாதம் வந்து எடை பார்த்து, வயிறு அளந்து, மாத்திரை வாங்கிப் போகிறவள்.

"என்னாச்சு? இன்னிக்கு உன் நாள் இல்லையே."

"காய்ச்சல், நர்ஸம்மா. நடுக்கம்."

நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். "காய்ச்சலா? உள்ளே பச்சைக் குழந்தைங்க இருக்கு. முதல்ல எதிர்ப்பக்கம் போய் ரத்தம் குத்திப் பார்த்துச் சீட்டு வாங்கிட்டு வாங்க."

முற்றத்தைத் தாண்டினார்கள். காய்ச்சல் கட்டடத்து ஜன்னலுக்குப் பின்னால் ரத்தம் பார்க்கிறவர் உட்கார்ந்திருந்தார். சின்னவளின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"எட்டு முடிஞ்சிருச்சு, சார்."

"அப்போ நான் கை வைக்கக் கூடாதும்மா. பிள்ளைத்தாச்சிக்கு மருந்து வேற, கணக்கும் வேற. அந்தப் பக்கத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாத்தான் குத்துவேன்."

"குத்திட்டு வான்னு அவங்கதானே அனுப்பினாங்க?"

"அவங்க அனுப்புவாங்க. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா கேள்வி என்னைத்தானே கேட்பாங்க?"

மறுபடி முற்றம். "டாக்டரம்மா உள்ளே ஒரு பிரசவத்துல இருக்காங்க. அவரு குத்திப் பார்க்காம எதை வெச்சு எழுதச் சொல்றீங்க?" என்றாள் நர்ஸ். மறுபடி ஜன்னல். "எழுதாம எப்படிக் குத்தறது?" என்றார் அவர். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. அதுதான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது செத்த தோல். இங்கே இடிபட்டது உள்ளே உயிர் ஓடுகிற வயிறு.

சின்னவளால் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. சுவரில் சாயப் போனாள்.

"ஏம்மா, ஈரம்! சாயாதீங்க!" என்று ஏணி மேலிருந்து சுண்ணாம்பு அடிக்கிறவன் கத்தினான். "இப்பத்தான் அடிச்சேன்."

அக்காவின் மடியில் தலை வைத்து முற்றத்துத் தரையில் படுத்தாள் சின்னவள். நடுக்கம் நின்று இப்போது உடம்பு கொதித்தது. "தண்ணிக்கா" என்றாள்.

பெரியவள் நர்ஸிடம் ஓடினாள். "ஒரு தம்ளர் தண்ணி கொடுங்க."

"தம்ளர் இல்லம்மா. வீட்டுலேருந்து பாட்டில் கொண்டு வரணும்னு தெரியாதா?"

குழாயடியில் கையேந்தி நின்றாள் பெரியவள். கல் உடைக்கிற கை. விரல்கள் முழுதாக மடங்குவதும் இல்லை, சேருவதும் இல்லை. இடுக்கு வழியே ஒழுகி, தரையில் கிடக்கிறவளிடம் வந்து சேர்ந்தபோது உதடு நனைகிற அளவுகூட மிச்சமில்லை.

அப்போது ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த அதிகாரிக்கு நல்ல சாந்தமான முகம், பளபளக்கிற ஷூ. நர்ஸ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளே போனாள். ஒரு அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. சிறிது நேரத்தில் தட்டோடு வெளியே வந்தாள். தட்டில் வரிசையாக எவர்சில்வர் தம்ளர்கள். முகம் பார்க்கலாம் போல மின்னின. அதில் குளிர்ந்த தண்ணீர், வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது.

பெரியவள் எழுந்து போய்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"ஏய்! அது வந்தவங்களுக்கு!"

"நாங்க என்ன, இங்கேயே முளைச்சவங்களா? நாங்களும் வந்தவங்கதான். அவங்களுக்கு முன்னாடியே வந்தவங்க."

தங்கையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக் குடிக்க வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அதிகாரி அருகில் வந்து குனிந்தார். "என்ன பிரச்சினை இவங்களுக்கு?"

நர்ஸ் முந்திக்கொண்டாள். "காய்ச்சல், சார். நம்ம பதிவுல இருக்கிற பொண்ணுதான். காய்ச்சல் வராம இருக்கக் கொடுக்கிற மாத்திரையை மாசாமாசம் கொடுத்திருக்கோம். எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கு. எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல."

"மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு எப்படி இந்த அளவுக்குக் காய்ச்சல்?"

பதில் தரையிலிருந்து வந்தது. சின்னவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நான் சாப்பிடலைங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரியவளும்தான்.

"சாப்பிடலையா? என்னடி சொல்றே?"

"காய்ச்சல் மாத்திரைன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க? எனக்குத்தான் காய்ச்சல் இல்லையேக்கா. காய்ச்சல் இல்லாதவ முழுங்கினா மாத்திரைதானே வீணாப்போகும்? அவருக்கு அடிக்கடி நடுங்குது. படுத்துட்டா டிரில்லை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவாங்க. அதான் பத்திரமா வெச்சிருந்து அவருக்குக் கொடுத்தேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்வதுபோல, "ஒண்ணுகூட வீணாக்கல" என்றாள்.

நர்ஸுக்குப் பின்னால் சுவரில், சுண்ணாம்பு அடிக்கிறவன் மேலே படாமல் சுற்றிலும் அடித்து விட்டுவைத்த ஒரு படம் ஒட்டியிருந்தது. படத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நர்ஸுக்கு எதிரே நின்று, ஒரு கையில் மூன்று மாத்திரையும் இன்னொரு கையில் தம்ளருமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் முறை. காய்ச்சல் வருவதற்கு முன்பே, மூன்றையும் ஒரே வாயில், கொடுத்தவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக் கூடாது.

அதிகாரி படத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். "எதிர்ல நிக்க வெச்சுத்தானே கொடுக்கணும்?"

"தண்ணி குடிக்கத் தம்ளர் இல்ல, சார்," என்றாள் நர்ஸ். அவள் குரல் இறங்கிவிட்டது. "அதனால கையில மடிச்சுக் கொடுத்து, வீட்டுல போய் முழுங்குன்னு சொல்லி அனுப்புவோம்."

அவள் கையிலிருந்த தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன.

அதிகாரி பெருமூச்சு விட்டார். கூட வந்தவரிடம் திரும்பி, "அறியாமை. மக்கள்கிட்ட இன்னும் விழிப்புணர்வு வரலை பாருங்க. குறிச்சுக்கோங்க" என்றார்.

பெரியவளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் ஏறி நின்றது.

"யாருக்குங்க அறியாமை? என் தங்கச்சி புருஷனுக்கு விஷமா கொடுத்தா? காய்ச்சலுக்குன்னு கொடுத்ததைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தா. வராம இருக்கத்தான்டி இது, உன் வயித்துப் பிள்ளைக்குத்தான்டி இதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? எதிர்ல நிக்க வெச்சு முழுங்கச் சொல்லியிருந்தா முழுங்கியிருப்பா. ஒரு வாய் தண்ணி. அதைக் கொடுக்க உங்களுக்குத் தம்ளர் இல்ல. நீங்க வந்ததும் தம்ளர் எங்கேருந்து முளைச்சுது? அறியாமைன்னு எழுதறீங்களே, தம்ளர் இல்லாமைன்னு எழுதுங்க. இல்ல, அதுவும் பொய். இருந்துது. பூட்டி வெச்சிருந்தீங்க. அதை எழுதுங்க!"

"அம்மா, கோபப்படாதீங்க..."

"கோபத்தையும் வீட்டுலேருந்து பாட்டில்ல கொண்டு வரணுமா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே மடியில் கனம் கூடியதை உணர்ந்தாள். சின்னவளின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. அடுத்த நொடி உடம்பு விறைத்து வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

பெரியவள் போட்ட சத்தத்தில் ஏணியில் இருந்தவன் வாளியைத் தவறவிட்டான். டாக்டரம்மா கையுறையோடு வெளியே ஓடி வந்தாள். இளவயது, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"யாரு இவளை வெயில்ல போட்டு வெச்சது?"

நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"தூக்குங்க உள்ளே!" எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "சார், இங்க வந்து குத்துங்க!"

"எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, மேடம்..."

"எங்க எழுதட்டும்? புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்களே, அந்தச் செவுத்துலயா?"

ரத்தம் பார்க்கிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார். நாலே எட்டில் கடக்கிற முற்றம். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை விட்டதும் சோதனைப் பட்டையில் இரண்டு கோடும் சட்டென்று எழுந்தன. மலேரியா. காய்ச்சல் கட்டடத்து அலமாரியில் இருந்த ஊசி மருந்து இந்தப் பக்கம் வந்தது. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள் டாக்டரம்மா. "துடிப்பு இருக்கு" என்றாள். பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது. இருக்கிறது.

ஆனால் தாய்க்கு ரத்தம் இல்லை. இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடியது. மீதியைக் காய்ச்சல் உள்ளே இருந்தபடியே எப்போதோ தின்றுவிட்டது. உடனே ஏற்ற வேண்டும் என்றாள் டாக்டரம்மா.

அதற்குள் புருஷன் வந்துவிட்டான். அதே லாரியில், குவாரி ஆட்கள் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு. எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கல்மாவு பூசி, யார் யார் என்று தெரியாமல் நின்றார்கள். ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டினார்கள்.

ரத்தம் பார்க்கிறவர் ஒவ்வொருவராகக் கேட்டார். "கடைசியா எப்போ காய்ச்சல் வந்தது?"

"போன மாசம்."

"உங்களுக்கு?"

"இப்பக்கூட லேசா இருக்கு, சார்."

"நீங்க?"

"நான் நேத்துதான் எழுந்திருச்சேன்."

அவர் தலையில் கை வைத்தார். "காய்ச்சல் வந்து மூணு மாசம் ஆகாதவங்க ரத்தத்தை எடுக்க முடியாதுப்பா. அதுலயும் அதே கிருமி இருக்கும். இத்தனை பேர் வந்திருக்கீங்க, ஒருத்தர்கிட்டகூட நல்ல ரத்தம் இல்லையா?"

"இருந்துது, சார்," என்றான் ஒரு முதியவன். "பாதியைக் கொசு குடிச்சிட்டுது, பாதியைப் பாறை குடிச்சிட்டுது. மிச்சம் இதான்."

புருஷன் பெரியவளிடம் வந்து கையைப் பிடித்தான். "அண்ணி, என்னதை எடுக்கச் சொல்லுங்க. எனக்குக் காய்ச்சலே வந்ததில்லைன்னு சொல்லிடறேன்."

"வேணாம். அவ உடம்புல திரும்பவும் அதையே ஏத்தப் பார்க்கறியா?" அவள் கையை உதறினாள். "அவ மாத்திரையை நீதானே தின்னே?"

அவன் விழித்தான். "வீட்டுல மாத்திரை இருக்குன்னு கொடுத்தா. சாப்பிட்டேன். அவளுக்குன்னு கொடுத்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும், அண்ணி? ஆஸ்பத்திரில வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்தாங்கன்னு நினைச்சேன்." கல்மாவு படிந்த முகத்தில் இரண்டு கோடாகத் தண்ணீர் இறங்கியது.

அவனை அறையத்தான் கை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றுவிட்டது. அறைய வேண்டிய கன்னம் இது இல்லை. எது என்றும் தெரியவில்லை. சாவியை இடுப்பில் செருகியிருந்தவளா? பூட்டச் சொன்னவனா? குறிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டவரா?

குளிர்பெட்டியில் அவள் பிரிவு ரத்தம் ஒரே ஒரு பை இருந்தது. ரத்தம் பார்க்கிறவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பதிலுக்கு ஒரு பை வராம இதை வெளியே எடுக்கக் கூடாது, மேடம். இல்லேன்னா அடுத்த ஆளுக்கு இருக்காது. விதி."

"கடனாக் கொடுங்க," என்றாள் டாக்டரம்மா. "நான் பொறுப்பு."

"கடன் என் பேர்ல இருக்கட்டும்," என்றாள் பெரியவள். "எனக்குக் கடைசியாக் காய்ச்சல் வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல வந்து கொடுத்துட்டுப் போறேன். கல் உடைக்கிறவ பேச்சு மாற மாட்டா."

அவர் பையை எடுத்துக் கொடுத்தார். சொட்டுச் சொட்டாக அது இறங்கியது. சின்னவளின் உதட்டில் மெல்ல ஒரு நிறம் வந்தது. இரண்டாவது முறை குழல் வைத்துக் கேட்டபோது டாக்டரம்மா வெகுநேரம் குழலை எடுக்கவே இல்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள்.

பொழுது சாய்கிறபோது பிள்ளை பிறந்தது. பெண். அடர்ந்த தலைமுடி. நகம்கூட முழுதாக வளர்ந்திருந்தது. அழவில்லை.

"காலையில வந்ததுமே பார்த்திருந்தா பிழைச்சிருக்குமா?" என்று கேட்டாள் பெரியவள்.

டாக்டரம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு வழி இருந்திருக்கும்," என்றாள். "அந்த மாத்திரையை மாசாமாசம் முழுங்கியிருந்தா இவ்வளவு தூரம் வந்தே இருக்காது."

பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தது நர்ஸ்தான். "மாத்திரைக்குத் தம்ளர் வாங்கித் தாங்கன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டேன்கா. கடைசில வந்துது. வந்ததும், மேலேருந்து வர்றவங்களுக்கு வேணும், பூட்டி வைன்னு சொல்லிட்டாங்க. சொன்னதைச் செஞ்சேன்."

பெரியவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எவ்வளவோ ஜல்லி சுமந்த கைக்கு அது ஒரு கனமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

சின்னவள் பிழைத்தாள். கண் விழித்ததும் வயிற்றைத் தடவினாள், அக்காவைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்டாள். "நான் வீணாக்கலைன்னு நினைச்சேனேக்கா?" பெரியவள் அதற்குத் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

கடன் கொடுக்கிறவரைக்கும் காய்ச்சல் வரக் கூடாது. அதுதான் பெரியவளின் கவலை. வந்தால் தவணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சாக்குத் துணியில் காலுக்கு உறை தைத்துப் போட்டுக்கொண்டாள். கொசுவலைக்குள் படுத்தாள். குழித் தண்ணீர் பக்கம் போகவே மறுத்தாள். குவாரியில் எல்லோரும் கேலி செய்தார்கள். "கோழி முட்டையை அடைகாக்கும், இவ ரத்தத்தை அடைகாக்கறா பாரு." மேஸ்திரி மட்டும் கேலி செய்யவில்லை. அவனாகவே ஆளை விட்டு இரண்டு குழியை மூடவைத்தான். மற்றவை அப்படியே கிடந்தன.

தவணை முடிந்ததும் போனாள். ஆஸ்பத்திரி மாறியிருந்தது. பிரசவக் கட்டடத்து வாசலிலேயே ஒரு மேஜை. காய்ச்சலோடு வருகிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அங்கேயே விரலில் குத்தினார்கள். யாரும் முற்றத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை, மேலே கவிழ்த்த தம்ளர்கள். அன்றிரவே அலமாரிப் பூட்டை நர்ஸ் கழற்றி எறிந்துவிட்டாளாம். இப்போது ஒவ்வொருத்தியையும் எதிரே நிற்க வைத்து, "இது வராம இருக்கத்தான். உனக்கும் உன் பிள்ளைக்கும் மட்டும்தான். வாயைத் திற" என்று விழுங்க வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் புதிதாக ஒரு பித்தளைப் பலகை. சிறந்த தரத்துக்கான பரிசாம். அந்த அதிகாரி வந்து கொடுத்தாராம்.

ஒரு பானை. கொஞ்சம் தம்ளர். ஒரு மேஜையை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தூக்கி வைத்த வேலை. அவ்வளவுதான். குவாரியில் இரண்டு ஆள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள். இதற்குப் பரிசு.

ரத்தம் பார்க்கிறவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவராகவே எழுந்து நாற்காலி போட்டார். குத்திப் பார்த்தார். ஒரே ஒரு கோடு, காய்ச்சல் இல்லை. பை மெல்ல நிறைந்தது. முடிந்ததும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

"இந்தக் காலத்துல சொன்ன சொல்லுக்கு இப்படி வந்து நிக்கிறவங்க யாருமில்லம்மா. நம்ம கணக்கு நேராயிடுச்சு. இனிமே பாக்கி ஒண்ணுமில்ல."

"என் பாக்கி தீர்ந்துது," என்றாள் பெரியவள். "உங்க பாக்கி?"

"எங்க பாக்கியா? நாங்க என்னம்மா தரணும்?"

"ஒரு பொம்பளைப் பிள்ளை."